தக்க சொல் எது? வாக்கியத்தின் குறிப்பறிந்து சொல்லைத் தெரிவுசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

“என் அம்மா தவறணையில் வேலை செய்கிறார்.” ஏழாந் தரத்துப் பிள்ளை ஒன்று எழுதிய கட்டுரையின் முதல் வரி இது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு வடக்கிலிருந்து இடமாற்றம் பெற்று அந்த வாரந்தான் வந்து சேர்ந்திருந்த ஆசிரியர் ஒருவர், சிவப்புப் பேனையை மூடிவைத்துவிட்டுக் கொப்பியை என் பக்கம் திருப்பினார். அவருடைய ஊரில் தவறணை என்றால் கள்ளு விற்கும் இடம். “இதை வகுப்பில் உரக்க வாசிக்க விடலாமா, சேர்?” என்று தணிந்த குரலில் கேட்டார். அடுத்த வரியையும் வாசியுங்கள் என்றேன். “காலையில் பொலித்தீன் பைகளுக்கு மண் நிரப்புவார், பின்னேரம் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார்” என்று இருந்தது. மலையகத்தில் தவறணை என்பது தேயிலைக் கன்றுகளை வளர்க்கும் நாற்றுமேடை. அகராதியைப் புரட்டாமல், எவரிடமும் கேட்காமல், அந்த ஒரு வரியே சொல்லின் பொருளைத் தெளிவாக்கிவிட்டது.

கீறிட்ட இடத்தை நிரப்புக, பொருத்தமான சொல்லைத் தெரிவுசெய்க என்றெல்லாம் வினாத்தாள்கள் கேட்பது இந்த ஒரு திறமையைத்தான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைக்கும், க.பொ.த. சாதாரண தரத்தில் மொழிப்பாடத்தை எழுதும் மாணவருக்கும், பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பத்தைப் பிழையின்றி எழுத விரும்பும் பெற்றோருக்கும் இது வேண்டியதே. நிறையச் சொற்களை மனனஞ் செய்தவரே இதில் வெல்வார் என்று பலர் எண்ணுகின்றனர். நான் கண்டவரையில், சொற்களை நிறைய அறிந்த பிள்ளைகளே அவசரத்தால் தவறுகின்றனர். வாக்கியத்தைப் பொறுமையாக விசாரிக்கும் பிள்ளைகள், அறியாத சொல்லையுங்கூடச் சரியாக எடுத்துவிடுகின்றனர்.

விசாரிக்க வேண்டிய மூவர்

வாக்கியத்தில் யாரை விசாரிப்பது என்பதை நம்முடைய இலக்கணகாரர் எப்போதோ வகுத்து வைத்துவிட்டனர். தொல்காப்பியத்துச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருள் “வினையினும் இனத்தினும் சார்பினும்” தெளிவாகும் என்கிறது. உரைகாரர்கள் இதற்கு ‘மா’ என்ற சொல்லை எடுத்துக்காட்டுவர். மா பூத்தது என்றால், பூத்தல் என்னும் வினை அதை மரமென்று காட்டுகிறது. மாவும் மருதும் ஓங்கின என்றால், பக்கத்தில் நிற்கும் மருதமரம் அதன் இனத்தைச் சொல்லிவிடுகிறது. கவசம் பூண்டு போருக்குப் புறப்பட்டு நிற்பவன் மா கொண்டுவா என்றால், அவன் நிற்கும் நிலையே சார்பாகி, அவன் கேட்பது குதிரையை என்று உணர்த்துகிறது. பாடநூல்களில் சூழற்குறிப்பு, சந்தர்ப்பக் குறிப்பு என்று எப்பெயரால் வந்தாலும், இந்த மூன்றுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நம் பக்கத்துச் சொல் ஒன்றைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்ப்போம். பின்வரும் நான்கு வாக்கியங்களிலும் ‘துண்டு’ என்ற சொல் வருகிறது.

தாத்தா தோளில் கிடந்த துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.
தம்பி ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான்.
இந்த மாத வரவு செலவில் இரண்டாயிரம் ரூபா துண்டு விழுகிறது.
துரையிடம் துண்டு வாங்காமல் கங்காணி தன் ஆட்களை வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோக முடியாதிருந்தது.

முதல் வாக்கியத்தில் உதறுதல், கட்டுதல் என்னும் வினைகளே போதும். இரண்டாவதில் வினையோடு ரொட்டியும் சேர்ந்து பொருளைத் தருகிறது. மூன்றாவதில் வரவு, செலவு, ரூபா என்னும் இனச்சொற்கள் சூழ்ந்து நிற்பதால், பற்றாக்குறை என்ற பொருள் வெளிப்படுகிறது. நான்காவதில்தான் சிக்கல் உள்ளது. வாங்குதல் என்ற வினை துவாய்த் துண்டுக்கும் பொருந்தும், ரொட்டித் துண்டுக்கும் பொருந்தும். ஆகவே வினை கைவிட்டுவிடுகிறது. துரை (தோட்டத்தை நிர்வகிப்பவர்), கங்காணி (தொழிலாளரை மேற்பார்வை செய்பவர்), ஆட்கள், வேறு தோட்டம் என்று வாக்கியம் விரிக்கும் சூழ்நிலையைப் பார்த்த பின்பே, அது ஏதோ அனுமதி தரும் கடிதமாக இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு வருகிறோம். அந்த முடிவு சரியானது: தொழிலாளரின் கடன் தொகையைச் செலுத்தினால் அவர்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த சீட்டுக்கே துண்டு என்று பெயர். மலையகத்து மக்களைக் கடனால் கட்டிவைத்திருந்த அந்த முறை 1921 ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்த வரலாற்றை ஒருபோதும் கேட்டிராத பிள்ளையும், அது துவாயன்று என்ற அளவுக்காவது வந்துவிடலாம்; தெரிவுகள் முன்னால் இருக்கும்போது அந்த அளவே பல வேளைகளில் போதுமானது.

முதற்படி: தெரிவுகளை மறைத்துவிடுங்கள்

வினாவை வாசிக்கும்போது கீழேயுள்ள தெரிவுகளை அடிமட்டத்தாலோ கையாலோ மூடிக்கொள்ள வேண்டும். விளையாட்டுப்போலத் தோன்றும் இந்தப் பழக்கத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வற்புறுத்துவேன். தெரிவுகளை முதலில் பார்க்கும் பிள்ளை, பழகிய சொல்லொன்றைக் கண்டவுடன் மனத்தால் அதை வாக்கியத்துக்குள் திணித்து, பொருந்துகிறது என்று தன்னையே நம்பவைத்துக்கொள்கிறது. வினாத்தாள் தயாரிப்பவரும் இதை அறிந்துதான், பழகிய சொல்லை முதலில் போட்டுவைப்பார்.

மூடிக்கொண்ட பின், வாக்கியத்தை முற்றுப்புள்ளிவரை ஒருமுறை வாசித்து, அவ்விடத்தில் தன் வாயில் இயல்பாக வரும் சொல்லைச் சொல்லிப் பார்க்க வேண்டும். அது தோட்டத்துப் பேச்சுச் சொல்லாக இருந்தாலும் தவறில்லை. “மழை விடாமல் பெய்தும் தொழிலாளர்கள் வேலையை ____” என்றொரு வாக்கியத்துக்கு ஒரு பையன், “நிப்பாட்டல” என்றான். கையை எடுத்துப் பார்த்தபோது இடைநிறுத்தவில்லை, ஆரம்பிக்கவில்லை, விரும்பவில்லை என்று இருந்தது. அவன் சொன்ன பேச்சுச் சொல்லே அவனைச் சரியான எழுத்துச் சொல்லிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில், பேசும் தமிழைப் பாடசாலை வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும் என்று சொல்லும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அப்புறப்படுத்தச் சொல்வது பிள்ளையின் கையிலுள்ள திறப்பைத்தான்.

இரண்டாம் படி: உருபையும் வினையையும் பாருங்கள்

தமிழ் வாக்கியத்தில் வினை பெரும்பாலும் கடைசியில் வருவதாலும், பெயர்கள் தம் வேலையை உருபுகளாலேயே காட்டுவதாலும், பாதிக் குறிப்புகள் சொற்களின் வாலிலே தொங்கிக்கொண்டிருக்கின்றன. ‘ஐ’ உருபு வந்தால், அந்தப் பொருளின்மேல் யாரோ ஏதோ செய்கிறார்கள் என்று அர்த்தம். அது இல்லாமல் பெயர் தனியே நின்றால், தானாக நிகழ்வதாக இருக்கலாம். தேயிலை ஸ்டோரில் நடப்பதைப் பாருங்கள்: கொழுந்து வாடியது, கொழுந்தை வாட்டினர், இலை சுருண்டது, இலையைச் சுருட்டினர், தேயிலை உலர்ந்தது, தேயிலையை உலர்த்தினர். வாடு, சுருள், உலர் என்பவை தன்வினை. வாட்டு, சுருட்டு, உலர்த்து என்பவை பிறவினை. “பறித்த கொழுந்தை உடனே அரைக்காமல், முதலில் காற்றோட்டத்தில் பரப்பி ____” என்ற இடத்தில் வாடுவார்கள், வாட்டுவார்கள் என்னும் இரண்டும் தரப்பட்டால், ‘கொழுந்தை’ என்பதிலுள்ள ஐகாரமே விடையைச் சொல்லிவிடும். அடங்கு – அடக்கு, திரும்பு – திருப்பு, மாறு – மாற்று, பெருகு – பெருக்கு என வரும் எல்லா இணைகளுக்கும் இதே சோதனை பொருந்தும்.

உருபு ஒன்று மாறுவதால் பொருள் தலைகீழாகும் இடமும் உண்டு. நம் நாட்டில் “அக்கா பரீட்சைக்குத் தோற்றினாள்” என்று எழுதினால், அவள் பரீட்சை எழுதினாள் என்று பொருள். “அக்கா பரீட்சையில் தோற்றாள்” என்றால் சித்தியடையவில்லை. குவ்வுருபு தோற்றினாள் என்பதை அழைக்கிறது; இல்லுருபு தோற்றாள் என்பதை அழைக்கிறது. தமிழகத்திலிருந்து வந்த உறவினர் ஒருவருக்கு, தோற்றினாள் என்ற செய்தியைக் கேட்டவுடன் முகம் வாடிவிட்டது என்று நண்பர் சொல்லிச் சிரித்தார்.

திணையும் எண்ணும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கன்றுகள் என்று பன்மை வந்தால் வாடின. கன்று என்றால் வாடியது. தொழிலாளர் என்றால் வாடினர். இதைச் சரிபார்க்க ஐந்து விநாடி போதும். அந்த ஐந்து விநாடியைச் செலவிடாமல் இழக்கும் புள்ளிகள்தான் அதிகம்.

மூன்றாம் படி: வாக்கியம் எங்கே திரும்புகிறது?

சவாரி செய்யும் பஸ் வளைவில் திரும்புவதை, உட்கார்ந்திருப்பவர் கண்ணை மூடியிருந்தாலும் உடம்பால் உணர்வார். வாக்கியத்துக்கும் அப்படி வளைவுகள் உண்டு. ஆனால், எனினும், ஆயினும், மாறாக என்பவை எதிர்த்திசைக்குத் திருப்புகின்றன. ஆகவே, எனவே, ஆதலால், ஏனெனில் என்பவை காரணத்தையும் விளைவையும் பிணைக்கின்றன. அதாவது, எனப்படுவது என்பவை சற்றுமுன் வந்த கடின சொல்லுக்கு விளக்கம் தருகின்றன. போன்ற, முதலிய என்பவை எடுத்துக்காட்டுகளின் வழியாகச் சொல்லின் இனத்தைக் காட்டுகின்றன.

இவை தனிச் சொற்களாக வருவதால் பிள்ளைகள் கவனித்துவிடுவார்கள். வினையெச்சத்தின் ஈற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் திருப்பத்தைத்தான் தவறவிடுகிறார்கள். “இரவு பகலாகப் படித்ததால் அவளுடைய பெறுபேறு ____” என்பதையும் “இரவு பகலாகப் படித்தும் அவளுடைய பெறுபேறு ____” என்பதையும் அடுத்தடுத்துக் கரும்பலகையில் எழுதி, திருப்திகரமாக அமைந்தது, ஏமாற்றமளித்தது என்னும் இரண்டு விடைகளையும் கொடுத்தால், வகுப்பில் ஒரு பகுதியினர் இரண்டுக்கும் திருப்திகரமாக அமைந்தது என்றே எழுதுவார்கள். படித்தால் நன்மை வரும் என்ற உலக நியாயம் அவர்கள் கண்ணை மறைக்கிறது. ‘உம்’ என்ற ஈரெழுத்து, எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது. ஆகவே வாக்கியத்தில் இவ்வகை ‘உம்’ வந்தால் பென்சிலால் வட்டமிடும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். எண்ணும்மை வேறு என்பதையும் மறக்கக்கூடாது: ஹட்டனும் கொட்டகலையும் என்று வருவது திருப்பமன்று, அடுக்கு.

ஒலி கைவிடும் இடங்கள்

மயங்கொலிச் சொற்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம் பேச்சில் மழையை மளை என்றும் வாழைப்பழத்தை வாளப்பளம் என்றும் ஒலிப்பவரே பெரும்பான்மையோர். ரகரத்துக்கும் றகரத்துக்கும் வேறுபாடு காட்டுபவர் மிகக் குறைவு. ஆகவே “உச்சரித்துப் பார், தெரியும்” என்ற அறிவுரையால் பயனில்லை. காது தராத விடையை வாக்கியத்திடமிருந்து பெறவேண்டும்.

நிரை, நிறை என்னும் இரண்டையும் எடுத்துக்கொள்வோம்; கொழுந்து மலையில் இரண்டுக்கும் தினமும் வேலை உண்டு. நிரை என்பது வரிசை. காலையில் கங்காணி ஆளுக்கொரு வரிசையாகப் பிரித்துக் கொடுப்பதைத் தோட்டத்தில் நெரை என்பார்கள். ஆநிரையில் வருவதும், யாப்பிலக்கணத்தின் நேர் நிரையில் வருவதும் அதே எழுத்துத்தான். நிறை என்பது பாரம். “மாலையில் தராசில் போட்டபோது கூடையின் ____ குறைவாக இருந்ததால் அரைப்பேர்தான் கிடைத்தது” என்ற வாக்கியத்தில் தராசு, கூடை, குறைவு என மூன்று சாட்சிகள் நிற்கின்றன, றகரமே வரவேண்டும். (அரைப்பேர் என்பது தோட்டத்தில் அரைநாட் சம்பளம்.) “அவளுக்குக் கிடைத்த ____ கான் ஓரமாக நீண்டு, சரிவில் இறங்கியது” என்பதில் நீளுதலும் இறங்குதலும் வரிசைக்கே உரியன, ஆகவே ரகரம். (கான் என்பது தோட்டத்து வடிகால்.) இறங்கியது என்ற சொல்லிலும் ஒரு பொறி உண்டு: இறங்குதல் கீழே வருதல், இரங்குதல் மனம் இளகுதல். சரிவு என்ற சொல் பக்கத்தில் இருப்பதால் இறங்கியது என்பதே பொருந்தும்.

“கொழுந்தெடுத்த விரல்களில் படிந்த ____ எத்தனை முறை தேய்த்தும் போகவில்லை” என்பதைக் கரை, கறை என்னும் இரண்டைக் கொடுத்துக் கேட்டால், என் வகுப்பில் எவரும் தவறியதில்லை. பிள்ளைகள் தம் தாயின் கைகளை நினைத்துக்கொள்கிறார்கள். அதே பிள்ளைகள், “ஆற்றின் இரு ____களிலும் புல் முளைத்திருந்தது” என்பதில் சில வேளைகளில் தடுமாறுகிறார்கள். ஆகவே மயங்கொலி இணை ஒவ்வொன்றுக்கும், பிள்ளை தன் கண்ணால் கண்ட ஒரு காட்சியைக் கொண்டு வாக்கியம் அமைத்து வைத்துக்கொள்வது நல்லது: களை பிடுங்கினார்கள், கலை விழா நடந்தது, பனி மூடியது, பணி தொடங்கியது, வளி வீசியது, வலி எடுத்தது, வழி தெரியவில்லை.

ஒத்த கருத்துள்ள சொற்களுள் ஒன்றை எடுத்தல்

தெரிவுகள் நான்கும் ஏறத்தாழ ஒரே பொருளைத் தரும்போது, பொருளை மட்டும் பார்த்து விடைகாண இயலாது. யாரைப்பற்றி, எந்த இடத்தில், எந்தத் தொனியில் சொல்லப்படுகிறது என்று பார்க்கவேண்டும். உயிர் போதலைக் குறிக்கும் சொற்களே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மரணஅறிவித்தலில் ஒரு பெரியவர் காலமானார் என்று வரும். மண்சரிவு பற்றிய செய்தியில் மக்கள் உயிரிழந்தனர் என்று வரும். போர்க்களத்தில் வீரர்கள் மடிந்தனர். மாடு செத்தது, மரம் பட்டுப்போனது. கால்நடை வைத்தியரிடம் போய் எங்கள் மாடு காலமானது என்று எவராவது சொன்னால் அவர் சிரிப்பை அடக்கச் சிரமப்படுவார். ஆனால் சொல்லின் அகராதிப் பொருளில் எந்தப் பிழையும் இல்லை.

இன்னும் நுட்பமான இணை ஒன்று: இடம்பெயர்ந்தோர், புலம்பெயர்ந்தோர். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு ஏற்பட்டபோது, லயங்களை விட்டுப் பாடசாலைகளில் தஞ்சமடைந்தவர்கள் இடம்பெயர்ந்தோர். நாட்டையே விட்டுக் கனடாவிலோ இலண்டனிலோ குடியேறியவர்கள் புலம்பெயர்ந்தோர். இரண்டிலும் பெயர்தல் உண்டு. முன்னுள்ள சொல்லே எல்லையைக் காட்டுகிறது. அவர்களுக்குக் கொடுக்கப்படும் பணத்துக்கும் இப்படியே பல பெயர்கள் உண்டு. இடர் நேர்ந்தவுடன் தரும் உதவி நிவாரணம். இழந்ததற்கு ஈடாகத் தருவது நட்டஈடு. உரம் முதலியவற்றின் விலைச்சுமையைக் குறைக்க அரசு தருவது மானியம். சம்பளத்தோடு சேர்த்துத் தருவது கொடுப்பனவு. விண்ணப்பத்தில் நட்டஈடு கோரவேண்டிய இடத்தில் மானியம் என்று எழுதினால், அது வேறொரு கோவைக்குப் போய்விட இடமுண்டு.

அதிபர் என்ற சொல்லையும் இங்கே குறிப்பிடவேண்டும். “அதிபர் காலைக் கூட்டத்தில் மாணவருக்கு அறிவுரை கூறினார்” என்றால் பாடசாலைத் தலைவர். நிலைய அதிபர் புகையிரத நிலையத்துக்குரியவர், தபாலதிபர் அஞ்சலகத்துக்குரியவர், அரசாங்க அதிபர் மாவட்டத்துக்குரியவர். தமிழக நாளிதழ் ஒன்றில் அதிபர் என்று மட்டும் கண்டால் அது பெரும்பாலும் ஒரு நாட்டின் தலைவரையே குறிக்கும். நாம் அவரை ஜனாதிபதி என்போம். இச்சொல்லுக்குத் தனியே ஒரு பொருளைப் பாடமாக்கி வைத்திருப்பவர், அதைக் காணும் இடமெல்லாம் இடறுவார்.

ஒரு பந்தியை முழுமையாக ஆராய்தல்

இனி, பரீட்சையில் வருவதுபோன்ற பந்தி ஒன்றைப் படிப்படியாகப் பார்ப்போம்.

“1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்தர தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டபோது, மலைநாட்டின் பிரதான பயிராகக் கோப்பியே (1)____. எனினும், இரண்டு ஆண்டுகளின் பின்னர் கோப்பி இலைகளில் ஒருவகை நோய் தலைகாட்டியது. முதலில் அதை எவரும் (2)____. தோட்டங்கள் ஒவ்வொன்றாக அழிந்தபோதுதான் அதன் கொடுமை புரிந்தது. கோப்பியை இழந்த துரைமார் தேயிலையை (3)____.”

முதலாம் இடத்துக்கு விளங்கியது, விளக்கியது, விலகியது, விலக்கியது என்பன தெரிவுகள். பயிராக என்ற சொல்லில் உள்ள ‘ஆக’, ஒரு நிலையைக் குறிக்கும் வினையை எதிர்பார்க்கிறது. விளக்கியது, விலக்கியது என்னும் பிறவினைகளுக்கு ஐகார உருபேற்ற பெயர் வேண்டும்; இங்கே அது இல்லை. விலகியது வரவேண்டுமானால் எதிலிருந்து என்ற வினாவுக்கு விடை வேண்டும், அதுவும் இல்லை. எஞ்சுவது விளங்கியது.

இரண்டாம் இடத்துக்குப் பொருட்படுத்தவில்லை, புறக்கணிக்கவில்லை, மறக்கவில்லை, பொறுக்கவில்லை என்பன தெரிவுகள். நான்கும் ஐகார உருபை ஏற்பதால், இங்கே உருபு உதவாது, திருப்பத்தைத் தேடவேண்டும். ‘முதலில்’ என்ற சொல்லும் ‘அழிந்தபோதுதான்’ என்ற சொல்லும் எதிரெதிராக நிற்கின்றன. பின்னரே கொடுமை புரிந்தது என்றால், முதலில் அது புரியவில்லை. அதாவது எவரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஆகவே பொருட்படுத்தவில்லை என்பதே விடை. கணிசமான பிள்ளைகள் புறக்கணிக்கவில்லை என்பதை எடுப்பார்கள். புறக்கணித்தல் என்பதிலேயே ஒரு மறுப்பு ஒளிந்திருக்கிறது. அதனோடு ‘இல்லை’ சேர்ந்தால் இரு மறுப்பும் கழிந்து, கவனித்தார்கள் என்று பொருள் முடிந்துவிடும். மறுத்தல், தவிர்த்தல், தடுத்தல், புறக்கணித்தல் போன்ற சொற்கள் எதிர்மறையோடு வரும்போது, வாக்கியத்தை நேர்மறையாக மாற்றிச் சொல்லிப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மூன்றாம் இடத்தைப் பற்றிச் சொல்ல எனக்குச் சற்று வெட்கம். நாடினர் என்பதே விடை என்று எண்ணி நான்தான் இவ்வினாவைத் தயாரித்தேன். மயக்குவதற்காக நாட்டினர் என்பதையும் தெரிவுகளில் சேர்த்தேன். கடைசி வரிசையில் இருந்த மாணவி எழுந்து, “சேர், கோப்பி போன இடத்தில தேயிலைய நாட்டினாங்கன்னும் வரும்தானே?” என்று கேட்டாள். வரும். நாடுதலும் நாட்டுதலும் ஐகார உருபை ஏற்கின்றன. முன்னுள்ள வாக்கியங்கள் இரண்டுக்கும் இடங்கொடுக்கின்றன. வினை முதலியவற்றால் பொருள் பிரியாத சொல்லை வெளிப்படையாகச் சொல்லியே விளக்கவேண்டும் என்று கிளவியாக்கம் சொல்வது இத்தகைய இடத்துக்குத்தான். ‘மா வீழ்ந்தது’ என்றால் மரமா விலங்கா என்று வாசகர் எப்படி அறிவார்? ‘பிழைக்கும் வழியாகத் தேயிலையை’ என்று எழுதியிருந்தால் நாடினர் என்பது மட்டுமே நிற்கும். ‘சரிவு முழுவதும் தேயிலையை’ என்று எழுதியிருந்தால் நாட்டினர் என்பதே இயல்பாக வரும். அன்று இரண்டு விடைக்கும் புள்ளி கொடுத்தேன். பரீட்சை மண்டபத்தில் அப்படிக் கேட்க வழியில்லாதபோது, பந்தி முழுவதன் போக்கையும் பார்த்து, எது கதையை மேலே நகர்த்துகிறதோ அதை எடுப்பதே தக்கது. இழந்தவர் எதை நோக்கித் திரும்பினார் என்று பந்தி சொல்ல வருவதால், நாடினர் சற்று முன்னிற்கும்.

முற்றிலும் அறியாத சொல் வந்தால்

சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். சேமலாப நிதி என்பதில் சேமமும் இலாபமும் தெரிகின்றன. நிராதரவு என்பதில் ஆதரவும், அதை மறுக்கும் முன்னொட்டும் தெரிகின்றன. ஆனால் பிரிப்பது எப்போதும் காப்பாற்றும் என்று நம்பிவிடக்கூடாது. கவ்வாத்து என்ற சொல்லை எப்படிப் பிரித்தாலும் ஒன்றும் கிடைக்காது. “கவ்வாத்து வெட்டிய மலையில் சில மாதங்களுக்குக் கொழுந்து இராது, மொட்டையான செடிகள் மீண்டும் துளிர்க்கும்வரை காத்திருக்கவேண்டும்” என்ற வாக்கியத்தை வாசித்தால், தோட்டத்தையே கண்டிராதவரும் அது செடியைக் கத்தரிக்கும் வேலை என்று அறிவார். அவர் அகராதியில் கவாத்து என்று தேடினால் படைப்பயிற்சி என்ற பொருளும் இருக்கும். வாக்கியத்திலிருந்து ஊகித்துவிட்டு அகராதிக்குப் போனவர் சரியான பொருளில் விரலை வைப்பார். ஊகிக்காமல் போனவர் தேயிலைச் செடிகளை அணிவகுக்கச் செய்துவிடுவார். மலை என்ற சொல்லும் இந்த வாக்கியத்தில் குன்றைக் குறிக்கவில்லை. பத்தாம் நம்பர் மலை என்பதுபோல, கொழுந்தெடுக்கும் ஒரு பகுதியைக் குறிக்கிறது.

பயிற்சி

இதற்கென்று விலைகொடுத்து மாதிரி வினாத்தாள் வாங்கத் தேவையில்லை. அவற்றுள் சிலவற்றில் மயங்கொலி வினாவிலேயே அச்சுப்பிழை இருந்ததைக் கண்டிருக்கிறேன். பழைய வீரகேசரியிலோ தினகரனிலோ ஒரு செய்தியை வெட்டி எடுத்து, பந்திக்கு ஒரு சொல் வீதம் வெள்ளைத்தாளை ஒட்டி மறைத்துவிடுங்கள். பிள்ளை தன் சொல்லை எழுதி, அதற்குக் காரணமான சொல்லின்கீழ்க் கோடிடவேண்டும். பின்னர் தாளை உரித்துப் பார்க்கலாம். பத்திரிகையின் சொல்லும் பிள்ளையின் சொல்லும் வேறாக இருந்தும், கோடு சரியான இடத்தில் விழுந்திருந்தால், அதற்கு முழுப் புள்ளி கொடுங்கள்.

புதிய சொல்லைக் கொப்பியில் எழுதும்போது பொருளை மட்டும் எழுதாமல், கண்ட வாக்கியத்தோடு எழுதவேண்டும். ஒரே சொல் மறுபடி வேறு பொருளில் வந்தால், அதே பக்கத்தில் அந்த வாக்கியத்தையும் சேர்க்கவேண்டும். பத்தாந் தரத்து மாணவி ஒருத்தியின் கொப்பியில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இப்படி நான்கு வாக்கியங்கள் இருக்கின்றன. என் பேர் பள்ளிக்கூடத்து இடாப்பில் பிழையாக உள்ளது. எங்கள் வீட்டில் ஆறு பேர். அது பேர்போன கோயில். நான்காவதின்கீழ் ‘மழை’ என்ற சொல்லுக்கு மட்டும் கோடிட்டிருந்தாள்: மழையால் கொழுந்து குறைந்து, அம்மாவுக்கு இன்று அரைப்பேர்.